அலாரம் அடித்தது, அம்மா அணைத்தார், மருந்து போடவில்லை: ஆபரேஷனுக்குப் பிறகு போன் நினைவூட்டல் உங்கள் வீட்டில் எப்படி?

#1 வைகைக்கரை

வணக்கம். அம்மாவுக்கு வயது 67. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினேழாவது நாள். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். முதல் நான்கு நாள் கூட இருந்துவிட்டுக் கிளம்பும்போது அவருடைய போனிலேயே ஆறு அலாரம் வைத்துவிட்டு வந்தேன். ஸ்டீராய்டு சொட்டு மருந்து முதல் வாரம் தினமும் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு என்று வாரம் ஒன்று குறைந்துகொண்டே வந்து ஆறாவது வாரம் ஒரே வேளை. எட்டாம் நாள் போனில் கூப்பிட்டு ஒரு அலாரத்தை எடுக்க வைத்தேன், பதினைந்தாம் நாள் இன்னொன்று. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நேற்று சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். மருந்து பாட்டிலைக் கையில் எடுத்ததும் திக்கென்றது. 5 மில்லி பாட்டில். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் மொத்தம் 100 சொட்டு. கணக்குப்படி முதல் வாரத்துக்கு 42, இரண்டாவது வாரத்துக்கு 35, இந்த இரண்டு நாளுக்கு 8, ஆக 85 போயிருக்க வேண்டும், கன்னத்தில் வழிந்தது தனி. பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது.

அம்மாவிடம் எதுவும் கேட்காமல் இன்று காலை சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பத்து மணிக்கு அலாரம் அடித்தது. அம்மா கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தார் (ஆபரேஷன் ஆன கண்ணோடு அடுப்படிப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்டால்தானே). புறங்கையால் திரையைத் தள்ளி அலாரத்தை அணைத்தார். "இதை முடிச்சுட்டுப் போட்டுக்கறேன்" என்றார். அதற்குள் வாசலில் பூக்காரம்மா வந்தார், அவரோடு நாலு வார்த்தை, அப்புறம் மாவுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். 10.40க்குக் கேட்டேன், "அம்மா, மருந்து?" "போட்டாச்சே." பொய் சொல்லவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஏழு மணிக்குப் போட்டது மனதில் இருக்கிறது, அதே பாட்டில், அதே நாற்காலி, அதே கண். ஏழு மணி ஞாபகம்தான் பத்து மணிக்கும் பதில் சொல்கிறது.

அலாரம் எல்லா நாளும் சரியாக அடித்திருக்கிறது, அதுதான் மனதை உறுத்துகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு போன் நினைவூட்டலை நம்பிச் சமாளித்தவர்கள், என்ன செய்தீர்கள், எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

#2 தாமரைக்குளம்

முதலில் கண் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். சிவப்பு, வலி, பார்வை மங்கல் எதுவும் இருக்கிறதா? அதைக் காட்டிவிட்டு வந்து அலாரத்தைப் பற்றிப் பேசலாம்.

#3 வைகைக்கரை

கொஞ்சம் சிவப்பு இருந்தது அக்கா. மதியமே கொண்டுபோய்க் காட்டிவிட்டோம். உள்ளே வீக்கம் இன்னும் முழுதாக அடங்கவில்லை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி ஆறு வேளையில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று புது அட்டை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதனால்தான் இந்த முறையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

#4 இரவுப்பணி

ஆபரேஷன் முடிந்தவர்கள் வார்டில் 14 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மருந்துத் தாள் இருக்கும். பெயர், மருந்து, அளவு, நேரம், வாய் வழியா ஊசியா எல்லாம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவோம். முன்கூட்டியே போட்டுவிட்டு மாத்திரை எடுக்கப் போவது பெரிய தப்பு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான், ஏனென்றால் நடுவில் யாராவது கூப்பிட்டால் போய்விடுவோம், திரும்பி வரும்போது தாளில் கையெழுத்து இருக்கும், நோயாளிக்கு மருந்து போயிருக்காது. உங்கள் அம்மா மாவுக் கையோடு அலாரத்தை அணைத்தது அந்த முன்கூட்டிய கையெழுத்துதான். அணைத்த நிமிடத்தில் மனது "முடிந்தது" என்று குறித்துக்கொள்கிறது.

அதனால் நான் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பாட்டில் கையில் வருகிற வரை அலாரத்தை அணைக்காதீர்கள். கைவேலை இருந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடுகிற பொத்தானை அழுத்துங்கள், அது திரும்ப அடிக்கட்டும். இதற்கு வசதியாகப் போனை இடுப்பிலும் தலையணை அடியிலும் வைத்துக்கொள்ளாமல் மருந்து டப்பா இருக்கிற அலமாரியிலேயே சார்ஜ் போட்டு வையுங்கள். அடிக்கிற அலாரத்தை அணைக்க நடந்து போனால் பாட்டில் கண்ணெதிரே இருக்கும். போட்டு முடித்த பிறகு அட்டையில் பேனாவால் ஒரு டிக். சந்தேகம் வந்தால் மனதைக் கேட்க வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் அன்று என்ன நடக்கிறது தெரியுமா? மகன் பில் கட்டப் போயிருப்பார், மருமகள் பிளாஸ்க்கையும் போர்வையையும் பையில் அடைத்துக்கொண்டிருப்பார், வாசலில் ஆட்டோ நிற்கும். நாங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது 1-0-1, இது 1-1-1, இது சாப்பாட்டுக்கு முன்னால்" என்று சொல்வோம், கேட்கிறவர் தலையை ஆட்டுவார். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் சந்தேகம் வரும். அலாரத்தை வீட்டுக்குப் போய் வைக்காதீர்கள், கட்டில் பக்கத்திலேயே நர்ஸை வைத்துக்கொண்டு வையுங்கள். சீட்டில் எழுதியிருக்கிற 'காலை' யாருடைய காலை என்று கேளுங்கள். போன மாதம் குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒரு விவசாயி, நாலரைக்கு எழுந்து கடுங்காப்பி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர். அவருக்கு மகள் காலை எட்டுக்கு அலாரம் வைத்திருந்தார். எட்டு மணிக்கு அவர் வரப்பில் நிற்பார், போன் திண்ணையில் அடிக்கும். ஐந்து மணிக்கு மாற்றிக் கொடுத்தோம், இரவு மாத்திரையையும் அதற்கேற்ப நகர்த்தினோம்.

அப்புறம், வலி இருந்தால் மட்டும் போடச் சொல்கிற மாத்திரைக்கு அலாரம் வைக்கவே வைக்காதீர்கள். வலியே இல்லாமல் அலாரத்துக்காக வலி மாத்திரை விழுங்கி வயிறு புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#5 குறியீடு

மென்பொருள் வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அலாரம் வேறு, அறிவிப்பு வேறு. கேலண்டரிலோ மருந்து ஆப்பிலோ வைக்கிற பல நினைவூட்டல்கள் "டிங்" என்று ஒரு தடவை ஒலித்துவிட்டு வாட்ஸப் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். ஆண்ட்ராய்டு 12லிருந்து ஒரு ஆப் சரியான நிமிடத்தில் அலாரம் அடிக்கத் தனி அனுமதி வேண்டும், 13லிருந்து அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்கும். பெரியவர்கள் புரியாத பெட்டி வந்தால் பயந்து "வேண்டாம்" என்பதை அழுத்திவிடுவார்கள். இதற்கு மேல் பல போன்கள் பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னால் ஓடுகிற ஆப்பை நிறுத்திவிடும். ஆப் வைத்த முதல் மூன்று நாள் ஒழுங்காக அடித்துவிட்டு நாலாம் நாள் மௌனமாகிவிடுவது இப்படித்தான். அமைப்புகளில் போய் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

பெரியவர்களுக்குப் போனோடு வருகிற கடிகாரமே போதும் என்பது என் கருத்து. போன் சைலண்டில் இருந்தாலும் அது அடிக்கும், அலாரத்துக்கு ஒலி அளவு தனியாக இருக்கிறது, அது முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் எழுதுகிற இடத்தில் தமிழிலேயே "வலது கண், வெள்ளை மூடி, ஒரு சொட்டு" என்று எழுதலாம். உங்கள் குரலில் "அம்மா, கண் மருந்து" என்று பதிவு செய்து அதையே அலாரச் சத்தமாக வைக்க முடியும். எங்கள் பாட்டிக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆனபோது என் தங்கை குரலில் வைத்தோம். மணிச்சத்தத்தை அணைத்துவிட்டுப் போகிறவர், குரல் கேட்டதும் "வரேன்டி" என்று பதில் சொல்லிக்கொண்டே எழுந்து வருவார்.

கடிகாரத்தில் உள்ள குறை, அதற்கு முடிவுத் தேதி கிடையாது. வாரம் ஒரு வேளை குறைகிற மருந்துக்கு அது பெரிய குறை. அதனால் குறைப்பதை உங்கள் பொறுப்பில் வையுங்கள், உங்கள் கேலண்டரில் வாரா வாரம் அந்தத் தேதிக்கு "அம்மா போனில் ஒரு அலாரம் எடு" என்று. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022லிருந்து ஹெல்த் ஆப்பிலேயே மருந்துப் பட்டியல் இருக்கிறது, போட்டேன், தவிர்த்தேன் என்று பதிவும் செய்யலாம்.

எதை வைத்தாலும் சரி, இரண்டு நிமிடம் கழித்து ஒரு அலாரம் வைத்து, திரையைப் பூட்டி, அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

#6 செல்லையா_மகன்

எல்லாரும் போனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு 74, காது மந்தம், பட்டன் போன், அதுவும் பாதி நேரம் சட்டைப்பையோடு ஆணியில் தொங்கும். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வந்தபோது அம்மா ஒரு வேலை செய்தார். சுவரில் இருக்கிற தினசரி காலண்டர் இருக்கிறதல்லவா, நாள்தோறும் கிழிப்பது, அதில் ஒவ்வொரு தாளிலும் அந்த நாளுக்கான மாத்திரைகளைச் சின்னக் கவரில் போட்டுக் காலை, இரவு என்று எழுதி ஸ்டேப்ளர் அடித்துவிட்டார். பத்து நாளுக்கும் ஒரே உட்காரலில் முடித்தார். அப்பாவுக்கு ஐம்பது வருடப் பழக்கம், எழுந்ததும் தேதி கிழித்து ராசிபலன் படிப்பது. கவரைப் பிரிக்காமல் தாளைக் கிழிக்க முடியாது. இரவுக் கவர் அப்படியே இருந்தால் மறுநாள் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. எத்தனை ஆயிரம் ரூபாய் போன் இதைச் செய்யும்?

#7 குறியீடு

அண்ணே, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன், காலண்டர் கூப்பிடாதே? காலை மருந்துக்குச் சரி, மதியம் ஒரு மணிக்கு யார் போய் அதைப் பார்ப்பது? இரண்டும் சேர்ந்தால்தான் சரிப்படும், நேரத்தைப் போன் சொல்லட்டும், போட்டதா இல்லையா என்பதை உங்கள் வீட்டுக் கவர் சொல்லட்டும்.

#8 செல்லையா_மகன்

அப்பாவுக்கு மதிய வேளை இல்லை, உண்மைதான். மூன்று வேளை இருந்திருந்தால் அம்மாதான் கூப்பிட்டிருப்பார். வீட்டில் ஆள் இருந்தது என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

#9 இரண்டாம்_பிறப்பு

எனக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்து ஒன்பது வருடம். மனைவி கொடுத்தது. என் உடம்பு அதை வெளியாள் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்தை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்கப் போட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் சிறுநீரகத்தை உடம்பு தள்ள ஆரம்பிக்கும், கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்ப்ளிமாஸ் பழம்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அது மருந்தின் அளவை ஏற்றிவிடும். இப்படிப்பட்ட மருந்துக்கு அலாரம் இல்லாமல் ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை, காலை 8, இரவு 8.

ஆனால் அலாரம் என்னை ஏமாற்றிய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, அளவு ஆகக் கீழே இருக்கிற நேரத்தில். இரண்டாவது வருடம் ஒரு பரிசோதனை நாள். வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. கை தானாகப் பைக்குள் போனது, மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். எட்டரைக்குத்தான் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தால் அளவு கூடத் தெரிந்திருக்கும், டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் குறைத்திருப்பார். நல்லவேளையாக லேப் பெண் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் வரச் சொன்னாள்.

இரண்டு வருடம் ஒரே சத்தத்துக்கு ஒரே வேலையைச் செய்தால் யோசனையே இல்லாமல் கை போய்விடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றுகிறது, அன்றைக்கு மாட்டிவிட்டதும் அதுவே. அதிலிருந்து பரிசோதனைக்கு முந்தின இரவே காலை அலாரத்தின் பெயரை மாற்றிவிடுவேன்: "நிறுத்து, ரத்தம் கொடுத்த பிறகு."

பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு பஸ்ஸில் போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டால் அலாரமும் போச்சு. நானும் மனைவியும் ஒரே நேரத்துக்கு இரண்டு போனிலும் வைத்திருக்கிறோம். அவள் போன் அடித்தால் அவள் என்னைப் பார்ப்பாள், நான் மாத்திரையைக் காட்டுவேன். ஒன்பது வருடமாக.

#10 தாமரைக்குளம்

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருவரும் நன்றாக இருங்கள்.

#11 நாலுமுக்கு_மருந்துக்கடை

கடை வைத்து 22 வருடம் ஆகிறது. அலாரத்தின் பெயரில் "வெள்ளை மாத்திரை", "மஞ்சள் மாத்திரை" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே மருந்து வேறு கம்பெனியில் வாங்கினால் நிறம் மாறும், வடிவம் மாறும். அடுத்த அட்டை வாங்கியதும் வெள்ளை எது என்று குழம்பிவிடுவார்கள், அல்லது பழையதும் புதியதும் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். மருந்தின் பெயரையும் எதற்கு என்பதையும் எழுதுங்கள். குறியீடு தம்பி சொன்ன "வெள்ளை மூடி"யும் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை, பாட்டிலில் நீங்களே பெரிய எழுத்தில் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அலாரத்தில் அந்த நம்பரை எழுதுவது நல்லது.

நேர இடைவெளியும் முக்கியம். இரண்டு சொட்டு மருந்து இருந்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பால் போல வெள்ளையாக இருக்கிற ஸ்டீராய்டு சொட்டைக் குலுக்கித்தான் விட வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், அதனால் திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள்.

தைராய்டு முழுதாக எடுத்தவர்கள் கடைக்கு வருவார்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், கூடவே கால்சியமும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே அலாரத்தில் சேர்த்து விழுங்கினால் கால்சியம் தைராக்ஸினை உடம்பில் ஏறவிடாது. நாலு மணி நேரம் தள்ள வேண்டும். அலாரம் குறைவாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் எட்டு மணிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கும் முன் ஒரு வார்த்தை கடையில் கேளுங்கள், காசு கிடையாது.

#12 பாலைக்காற்று

மஸ்கட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு மார்ச்சில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை இரண்டு, அதை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா போட்டதும் திரையைத் தொட வேண்டும், தொடாவிட்டால் அரை மணி நேரத்தில் எனக்குச் செய்தி வரும், அப்படி ஒரு ஆப் வைத்தேன். செய்தி வந்தால் உடனே கூப்பிடுவேன். முதல் மாதம் நன்றாகப் போனது. அப்புறம் செய்தியே வரவில்லை, மனது நிம்மதி. ஜூனில் லீவுக்குப் போனபோது பார்த்தால் அலாரம் அடித்த உடனே தொட்டுவிடுகிறார், மாத்திரை அதன் பிறகு எப்போதாவது. ஏன் அம்மா என்று கேட்டேன். "தொடலேன்னா நீ வேலையில இருந்து கூப்பிடுவே, உன் சூப்பர்வைசர் திட்டுவான். அதான் உடனே தொட்டுடறேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் மனது சங்கடப்படக்கூடாது என்பதற்காகத் தொட்டிருக்கிறார். கண்காணிக்கிற ஆப் வைக்க நினைக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

#13 தாமரைக்குளம்

தம்பி, நான் அந்தப் பக்கத்தில் இருக்கிறவள். எனக்கு 63. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மகன் இதே மாதிரி ஒன்றை வைத்தான். தினமும் இரண்டு தடவை "போட்டீங்களா" என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தால், நாலு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவளுக்கு அது நெஞ்சில் தைக்கும். நான் அவனிடமே சொல்லிவிட்டேன்: ஒவ்வொரு வேளைக்கும் கூப்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, மாத்திரை அட்டையைக் காட்டுகிறேன், நீ எண்ணிக்கொள். அவன் எண்ணுவான், நான் பேரன் பல் விழுந்த கதையைக் கேட்பேன். அட்டையில் உள்ள மாத்திரை பொய் சொல்லாது, நானும் சொல்ல வேண்டிய அவசியம் வராது. உங்கள் அம்மாவிடமும் எப்படி வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

#14 பாலைக்காற்று

இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை அம்மா. இந்த ஞாயிறே செய்கிறேன்.

#15 நடைபயணி

காசநோய்த் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். இது ஆபரேஷன் விஷயம் இல்லை என்றாலும் ஒத்து வரும். 99டாட்ஸ் என்று ஒரு முறை உண்டு. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு உறை, மாத்திரையை உடைத்து எடுத்தால்தான் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிற போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு இலவசமாக ஒரு அழைப்பு கொடுத்தால் அன்றைக்கு எடுத்ததாகப் பதிவாகும். பட்டன் போனே போதும். இதில் எனக்குப் பிடித்தது, பதிவு செய்ய வேண்டுமானால் மாத்திரையை முதலில் வெளியே எடுத்தாக வேண்டும். இரவுப்பணி அக்கா சொன்ன கையெழுத்து மாதிரிதான். இருந்தாலும் எடுத்த மாத்திரையை விழுங்கினார்களா என்று நம்பர் சொல்லாது. வாந்தி வருகிறது, காசில்லை, வேலைக்குப் போக வேண்டும் என்று நிறுத்துகிறவர்களை நாங்கள் வீட்டுக்கு நடந்து போய்த்தான் கண்டுபிடித்தோம். மறதிக்கு அலாரம் உதவும். வேண்டுமென்றே நிறுத்துகிறவரிடம் உட்கார்ந்து காரணத்தைக் கேட்க வேண்டும்.

#16 கொடிமுல்லை

எங்கள் அப்பாவுக்கு இருதய வால்வு மாற்றியிருக்கிறது, உலோக வால்வு. வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற மாத்திரை போடுகிறார். இது எல்லா நாளும் ஒரே அளவு கிடையாது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை என்று கொடுப்பார்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவைப் பார்த்து மாற்றுவார்கள். போன வருடம் டாக்டர் அளவைக் குறைத்தார், சீட்டில் எழுதினார், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். போனில் அலாரத்தின் பெயர் மட்டும் "இன்று ஒன்றரை" என்றே இருந்தது. அப்பா சீட்டைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்ப்பார். பத்து நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது, காலில் காரணமில்லாமல் நீலத் திட்டு. ஓடினோம். இப்போது டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து பழைய அலாரத்தை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக வைத்த பிறகுதான் மருந்து வாங்கவே போவோம்.

ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். அதே நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாளாகிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான அளவைத் தொடர்ந்து, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மருந்துக்கு என்ன விதி என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

#17 இரவுப்பணி

கொடிமுல்லை சொன்னது கண் மருந்துக்கும் பொருந்தும் வைகைக்கரை. புது அட்டை கொடுத்திருக்கிறார்கள் என்றீர்களே, பழைய அலாரம் நாலு வேளைக்குத்தானே இருக்கும்? மாற்றிவிட்டீர்களா? ஸ்டீராய்டு சொட்டு குறைந்தால் வீக்கம் திரும்பும், தேவைக்கு மேல் போனால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். சந்தேகத்துக்கு ஒன்று சேர்த்துப் போடுவோம் என்றும் இருக்க வேண்டாம்.

#18 வைகைக்கரை

மாற்றிவிட்டேன் அக்கா. உங்கள் பதிவைப் படித்த அன்றே.

எல்லாருக்கும் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். போனின் சார்ஜரைக் கூடத்து அலமாரிக்கு மாற்றினேன், மருந்து டப்பா, கண்ணாடி, பேனா, அட்டை எல்லாம் அங்கேயே. ஸ்டீராய்டு பாட்டிலில் 1, கூட இருக்கிற இன்னொரு சொட்டு மருந்தில் 2 என்று பெரிதாக ஒட்டினேன், திறந்த தேதியும் எழுதினேன். அலாரத்தை அம்மாவே நேரம் சொல்ல வைத்தோம். நான் பத்து மணி என்று வைத்திருந்தது அவர் மாவு அரைக்கிற நேரம், அவர் ஒன்பதேகால் மணியைச் சொன்னார், குளித்து சாமி கும்பிட்டு உட்காருகிற நேரம் என்று. கேட்காமலே வைத்தது என் தப்பு. ஐந்து நிமிட இடைவெளிக்கு இரண்டாவது அலாரம் வேண்டாம் என்றார், முதல் சொட்டு விட்டுவிட்டுக் கண்ணை மூடி கந்த சஷ்டி கவசம் சொல்கிறார், பாதி வருவதற்குள் ஐந்து நிமிடம் தாண்டிவிடும், பிறகு இரண்டாவது. சத்தத்துக்கு என் பெண்ணின் குரல், "பாட்டி, ஒண்ணாம் நம்பர்!"

#19 தாமரைக்குளம்

அட்டையில் டிக் விழுகிறதா?

#20 வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஞாயிறு மாலை வீடியோவில் அம்மா அட்டையைக் காட்டுகிறார், கேமராவுக்கு ரொம்பக் கிட்டே வைத்து. முதல் வாரம் 42 கட்டத்தில் 39 டிக். மூன்று காலியாக இருந்தது, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன், மறைக்கவில்லை என்றார். அடுத்த வாரம் 35க்கு 35. இந்த வாரம் நான்கு வேளை, 28க்கு 27. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு வீக்கம் அடங்கிவிட்டது, இதே அட்டையை முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பழைய ஸ்டீராய்டு பாட்டில் தீர்ந்துவிட்டது, புதிது வாங்கியாச்சு. இன்று இரவு ஒரு அலாரத்தை எடுக்க வேண்டும், எனக்கு முன்னாலேயே அம்மா கூப்பிட்டு எதை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டார். ஒரு மணி அலாரத்தை எடுக்கச் சொன்னேன், தானே எடுத்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார்.

இடது கண்ணுக்குத் தை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.